அட்டையில் பல்லியாகும் பையன், உள்ளே மூன்றாண்டுப் போர்

அனிமார்ஃப்ஸ் வரிசையின் முதல் நூலுக்கு, ஒரு பையன் படிப்படியாகப் பல்லியாக மாறுகிற அட்டைப்படம். அதைப் பார்த்து மாயாஜாலக் கதை என்று எண்ணி எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் நிறையப் பேர். முதல் சில நூல்களுக்கு அந்தக் கணிப்பு ஓரளவு பொருந்தும். போகப்போகப் பொருந்தாது. கே.ஏ. ஆப்பிள்கேட் என்ற பெயரில் அமெரிக்காவின் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் 1996 முதல் 2001 வரை வெளியிட்ட 54 நூல்கள் இவை. காத்தரின் ஆப்பிள்கேட்டும் கணவர் மைக்கேல் கிராண்டும் சேர்ந்து உருவாக்கினார்கள். பிற்பகுதியில் பலவற்றை அவர்களுடைய கதைச்சுருக்கத்தை வைத்து வேறு எழுத்தாளர்கள் எழுதினார்கள். பூமியை இரகசியமாகப் பிடிக்க வரும் யீர்க் என்னும் வேற்றுலக ஒட்டுண்ணிகளோடு, விலங்காக உருமாறும் சக்தி பெற்ற ஒரு சிறு குழு நடத்தும் போர்தான் கதை. தொடக்கத்தில் 13 வயதில் இருக்கும் அந்தப் பிள்ளைகள், முடிவில் 16 வயதில், தாங்கள் போரில் செய்த காரியங்களுக்குப் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

இந்த வரிசையின் அறக்கேள்விகள் பெரும்பாலும் கதையின் விதிகளிலிருந்தே கிளம்புகின்றன. அதனால் வாசிப்பு வட்டத்தில் பேச்சைத் தொடங்குமுன் இரண்டு கணக்குகள் பிள்ளைகளுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். ஒன்று, இரண்டு மணி நேரம். விலங்கைத் தொட்டு அதன் மரபணுவை வாங்கிக்கொள்பவர் அந்த உருவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால், திரும்பவே முடியாது. டோபயஸ் என்ற பையன் முதல் நூலிலேயே செவ்வால் பருந்தாகச் சிக்கிக்கொள்கிறான். மற்றொன்று, மூன்று நாள். யீர்க் என்பது நத்தையின் ஓட்டை உருவியது போன்ற ஓர் ஒட்டுண்ணி. காது வழியே புகுந்து மூளைமேல் படர்ந்துகொள்ளும். மூன்று நாளைக்கு ஒருமுறை அது வெளியே வந்து குளத்தில் கான்ட்ரோனா கதிரை உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் பட்டினியால் சாகும். அது குளத்தில் இருக்கும் நேரத்தில் உடலின் சொந்தக்காரர்கள் கூண்டுக்குள் கதறுவார்கள். விரும்பி உடலைக் கொடுத்தவர்கள் அதே இடத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரு குறுக்குவழி உண்டு. மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைப் பார்த்து ஒரு யோகி அவன் உடலில் புகுந்த திருமூலர் கதையைச் சொல்லுங்கள். பிறகு, ‘மூலன் சாகாமல் உள்ளேயே விழித்துக்கொண்டு இருந்திருந்தால்?’ என்று கேளுங்கள். அதன்பிறகு யீர்க்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உருமாற்றத்தின் இன்னொரு விதியைப் பெரியவர்கள் கவனிப்பதே இல்லை. சண்டையில் கை போனாலும், குடல் சரிந்தாலும், மனித உருவுக்குத் திரும்பினால் காயம் மறைந்துவிடும். அதனால்தான் சிறுவர் நூலில் எதிர்பாராத அளவுக்கு இரத்தம் வருகிறது. ‘காயம் ஆறிவிட்டால், வலித்தது கணக்கில் வராதா?’ என்று கேட்டால் ஒன்பது வயதுப் பிள்ளையும் பேசும். தொடங்குவதற்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியாது.

வட்டம் நடத்தும் முறை எளிமையானது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஒரே ஒரு முடிவெடுக்கும் காட்சி. முதல் ஐந்து நிமிடம் ஒவ்வொருவரும் தன் எண்ணத்தைத் தாளில் எழுத வேண்டும், பேசக் கூடாது. கைதூக்கச் சொல்லித் தொடங்கினால் முதலில் கத்துகிற பிள்ளையின் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள்; அதன்பிறகு நடப்பது விவாதமே இல்லை. எழுதிய பிறகு, எதிர்த்தரப்பு எதை இழக்கிறது என்பதை ஒவ்வொருவரும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘யார் நல்லவர்?’ என்ற கேள்வியைப் பெரியவர்கள் விட்டுவிடுவது நல்லது. அதற்குப் பிள்ளைகள் நமக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

இந்த முறைக்கு மிகவும் ஏற்றது 19-வது நூல். குழுவைச் சேர்ந்த காஸி என்ற பெண், கேரன் என்ற சிறுமியின் தலைக்குள் இருக்கும் அஃப்ட்ரான் என்னும் யீர்க்கோடு பேச நேர்கிறது. ஒட்டுண்ணியாக இல்லாதபோது யீர்க்குக்குப் பார்வை கிடையாது. வண்ணம், வானம் எல்லாம் இன்னொருவரின் கண் வழியேதான். சிறுமியை விட்டு வெளியேறு என்றால் வாழ்நாள் முழுக்கக் குருடாகக் கிட என்று பொருள். அப்படியானால் நீ என்ன கொடுப்பாய் என்று அது கேட்கிறது. காஸி கம்பளிப்புழுவாக மாறி அப்படியே நின்றுவிடச் சம்மதிக்கிறாள். இங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசுங்கள். அடுத்த பக்கங்களில் புழு வண்ணத்துப்பூச்சியாகி, இயற்கையான உருமாற்றம் காலக்கெடுவை மறுபடி தொடங்கிவைக்க, அவள் தப்பித்துவிடுகிறாள். அதைப் படித்துவிட்ட பிள்ளைகளுக்குக் கேள்வியின் பாரம் இறங்கிவிடுகிறது. கதாசிரியர் கொஞ்சம் சலுகை காட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றும்.

20, 21, 22 மூன்றும் டேவிட் என்ற பையனின் கதை. பெற்றோர் யீர்க்குகளிடம் சிக்கிவிட, போக்கிடம் இல்லாத அவனுக்கு மற்றவர்கள் உருமாறும் சக்தியைக் கொடுக்கிறார்கள். பிறகு அவன் அவர்களையே காட்டிக்கொடுக்கத் துணிகிறான். டோபயஸ் என்று நினைத்து ஒரு பருந்தைக் கொல்கிறான். மனித உருவில் இருப்பவரைக் கொன்றால்தான் கொலை, விலங்கு உருவில் இருப்பவரைக் கொன்றால் இல்லை என்பது அவன் நியாயம். பிள்ளைகளைத் தடுமாற வைக்கும் வாதம் அது. அவசரப்பட்டு மறுத்துவிடாதீர்கள். கடைசியில் குழு அவனை எலி உருவில் சிறைப்பிடித்து, இரண்டு மணி நேரம் கடக்கும்வரை காத்திருந்து, ஒரு தீவில் விட்டுவிடுகிறது. திட்டம் காஸியுடையது, அவன் கதறலைக் கேட்டபடி காவல் இருந்தவர்கள் குழுவைச் சேர்ந்த ரேச்சலும், வேற்றுலகவனான ஆக்ஸும்.

‘கொல்லவில்லையே, அப்புறம் என்ன தப்பு?’ என்ற பதில் கட்டாயம் வரும். அப்போது மூன்றைப் பிரித்துக் கேளுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தெரியும்? வேறு என்ன வழி கையில் இருந்தது? முடிவெடுத்தவரும் செய்து முடித்தவரும் ஒருவரேதானா? மூன்றாவது கேள்வியில்தான் பேச்சு சூடுபிடிக்கும். 48-வது நூலில் டேவிட் திரும்பி வந்து, தன்னைக் கொன்றுவிடும்படி ரேச்சலைக் கேட்கிறான். அவள் என்ன செய்தாள் என்று நூல் சொல்வதில்லை. அந்த முடிவைத் தெரிந்துகொண்டு முந்தைய தீர்ப்பைத் திருத்த விடாதீர்கள். பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை அளப்பதுதான் இந்த விவாதங்கள் கெடுகிற முக்கியக் காரணம்.

இந்த மூன்று நூல்களுக்கும் ஒரு தடை உண்டு. வட்டத்தில் யாராவது ஒரு பிள்ளையை மற்றவர்கள் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருந்தால் இவற்றை எடுக்காதீர்கள். ‘டேவிட்’ என்பது மறுநாளே பட்டப்பெயராகிவிடும்.

17-வது நூலில் ஓட்ஸ் கஞ்சியே ஆயுதம். ஒரு வகை உடனடி ஓட்ஸ் யீர்க்கைப் பைத்தியமாக்குகிறது, குளத்துக்குப் போகும் தேவையையும் போக்கிவிடுகிறது. சிரித்துக்கொண்டே படிக்கலாம், உள்ளே மாட்டியிருக்கும் மனிதர் இனி அந்தப் பைத்தியத்தோடு நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது மெதுவாகத்தான் உறைக்கும்.

50-வது நூல் முதல் 54 வரை 13 வயதுக்கு மேல்தான் என்பேன். 50-இல் குழு புதிதாக ஆள் சேர்க்கிறது. மருத்துவமனையில் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைத் தேடிப் போகிறது. ஊனமுற்ற உடலை யீர்க்குகள் விரும்ப மாட்டா, அதனால் அவர்களுக்குள் ஒற்றர் இருக்க வாய்ப்பில்லை என்பது கணக்கு. விபத்தால் நேர்ந்த குறை உருமாற்றத்தில் சரியாகிவிடுகிறது, மரபணுவிலேயே இருப்பது சரியாவதில்லை. கடைசிப் போரில் அவர்களை முன்னால் அனுப்புகிறார்கள், அவர்கள் சாகிறார்கள். அழைத்தபோது அவர்களுக்கு எவ்வளவு உண்மை சொல்லப்பட்டது என்று தேடிக் குறித்துவரச் சொல்லுங்கள்.

53-இல் குழுவின் தலைவன் ஜேக், உடல் இல்லாமல் விண்கலத்துக் குளத்தில் கிடக்கும் 17,372 யீர்க்குகளை விண்வெளியில் கொட்டிவிட உத்தரவிடுகிறான். அவற்றை இங்கே வரச் சொல்லி யாரும் அழைக்கவில்லையே என்பது அவன் மனதில் ஓடும் சமாதானம். 54-இல் எதிரித் தளபதியின் விசாரணை ஹேக் நகரில் நடக்கும்போது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இந்த எண்ணைத்தான் ஜேக்கின் முன் வைக்கிறார். இங்கே கற்பனையை விட்டு நிஜச் சட்டத்துக்கு வரலாம். சண்டையிட முடியாத நிலையில் இருப்பவரைக் கொல்லக் கூடாது என்கிறது 1977-இல் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட முதல் நெறிமுறையின் 41-வது பிரிவு. ஆனால் போர் தொடர்ந்தால் அதே யீர்க்குகள் நாளை யாரோ ஒருவரின் மூளையில் இருக்கும். அவை கைதிகளா, படைவீரர்களா என்பதில் பெரியவர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். தீர்ப்பு கிடைக்காமலே நாற்பது நிமிடம் முடிந்தால் முடியட்டும்.

கனடா, லண்டன் போன்ற இடங்களில் வட்டம் நடத்துபவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈழத்திலிருந்து போன குடும்பங்களில் பிள்ளை வயதில் ஆயுதம் ஏந்தியவர்களும், அப்படிப் பிள்ளையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை 15 வயதுக்குட்பட்டோரை நேரடிப் போரிலிருந்து விலக்கியது. 2000-இல் வந்த விருப்ப நெறிமுறை அந்த வயதை 18 ஆக்கியது. 13 வயதுப் போராளிகளை நாயகர்களாகக் காட்டும் நூலை எடுக்குமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ‘உங்கள் வீட்டில் யாராவது போரைப் பார்த்திருக்கிறார்களா?’ என்று பிள்ளையை வட்டத்தில் கேட்காதீர்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

2020 முதல் கிறிஸ் கிரைன் வரைந்த வரைகதைப் பதிப்புகள் கிடைக்கின்றன. படிக்கத் தயங்கும் பிள்ளைக்கு அதுவே நல்ல வாசல். ஆனால் அவை தொடக்க நூல்களிலிருந்து வரிசையாக வருபவை. காஸியையும் டேவிட்டையும் பற்றிப் பேச உரைநடை நூல்கள் வேண்டும். பழைய பதிப்புகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும், ஒரு பிரதி கிடைத்தால் 19-வதை முதலில் எடுங்கள். ஒவ்வொரு நூலின் முதல் சில பக்கங்களிலும் கதைச்சூழல் திரும்பச் சொல்லப்படுகிறது, நடுவில் தொடங்கினாலும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.