ஆபாசம்: ஒரு சொல்லும் துப்பறியும் கதையும்

துப்பறியும் நாவல்களைப் பற்றித் தமிழில் பேச்சு எழுந்தால் கொஞ்ச நேரத்தில் தலைகாட்டும் சொல் ஆபாசம். “கதை விறுவிறுப்புதான், ஆனால் ஆபாசம்” என்பார் ஒருவர். “அது இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?” என்பார் இன்னொருவர். இரு தரப்பும் ஒரே சொல்லைப் பிடித்து இழுக்கின்றன. அந்தச் சொல்லுக்கும் படுக்கையறைக்கும் தொடக்கத்தில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூலம் வடமொழியின் ‘ஆபாஸ’. ‘பாஸ்’ என்ற வேருக்கு ஒளிர்தல், விளங்குதல் என்று பொருள். பாஸ்கரன் என்ற பெயரில் இருப்பதும் இதே வேர்தான். ‘ஆ’ என்ற முன்னொட்டு சேர்ந்ததும் தோற்றம், சாயல் என்றாகி, பிறகு ஒன்றைப் போலத் தெரிந்தும் அதுவாக இல்லாததைக் குறித்தது. உள்ளத்தில் பிரதிபலிக்கும் அறிவை வேதாந்திகள் ‘சிதாபாசம்’ என்றார்கள். காரணம் போலத் தோன்றிக் காரணமாகத் தேறாததைத் தர்க்க நூலார் ‘ஹேத்வாபாசம்’ என்றார்கள். இந்தியில் இன்றும் ‘ஆபாஸ்’ என்றால் மனத்தில் தட்டுப்படும் மங்கலான உணர்வு; வீட்டுப் பெரியவர்கள் முன்னால் கூசாமல் சொல்லலாம். தெலுங்கில் ஒருவர் ‘அபாசுபாலு’ ஆனார் என்றால் கேலிக்கு ஆளானார் என்று பொருள். மலையாளம்தான் நம் வழிக்கு வருகிறது. அங்கே ‘ஆபாசன்’ கண்ணியமற்றவன்.

சாயல் எப்படி அசிங்கமாயிற்று? இடையில் ஒரு படிக்கல் இருந்திருக்க வேண்டும். அது ‘ரசாபாசம்’ என்பது என் கணிப்பு. வடமொழி அலங்கார நூல்களில் சுவை தகாத இடத்தில் பிறந்தால் அது சுவையாகாது, சுவையின் போலி. சீதைமேல் இராவணன் கொண்ட வேட்கை சிருங்காரம் போலவே இருக்கும், ஆனால் சிருங்காரம் அல்ல. இருவர் மனமும் ஒத்து வராத காமம், பிறன்மனை நாடும் காமம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ‘தகாத காமம்’ என்ற நிழல் சொல்லின்மேல் விழுந்தது இங்கேதான். “பேச்சு முற்றி ரசாபாசமாகிவிட்டது” என்று நம் வீடுகளில் சொல்லும்போது பழைய பொருளின் மிச்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு சுயமரியாதை இயக்கத்தார் ‘புராண ஆபாசங்கள்’ என்று பேசியும் எழுதியும் வந்தார்கள். அந்தத் தொடரில் ஆபாசம் என்பது பொய்யா, அசிங்கமா? இரண்டும்தான். பிரித்தெடுக்க முடியாது.

இனி, இதற்குத் தமிழ் என்ன? சுவையான இடம் இதுதான். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லித் தருகிறார். பிழையான வாதங்களுக்கு அங்கே பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பெயர். வடமொழித் தர்க்கம் ‘ஆபாஸ’ என்ற இடத்திலெல்லாம் சாத்தனார் ‘போலி’ என்று வைத்துவிட்டார். ஹேத்வாபாசம்தான் ஏதுப்போலி. ஆக, மூலப்பொருளில் ஆபாசத்துக்குச் சரியான தமிழ்ச் சொல் பல நூற்றாண்டுகளாக நம் கையிலேயே இருக்கிறது.

இன்றைய பொருளுக்கு வேறு சொற்கள் உண்டு. அவையில் சொல்லத் தகாத சொல் ‘இடக்கர்’. அதை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். தொல்காப்பியர் எச்சவியலில் “அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்” என்கிறார். நன்னூலார் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாக வைக்கிறார். ‘கால் கழுவி வந்தான்’ என்பது பள்ளிக்கூடத்து உதாரணம். ‘விரசம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் வடமொழிதான், சுவையற்றது என்பது பொருள். எனக்குப் பிடித்தது ‘பச்சை’. “பச்சையாக எழுதியிருக்கிறார்” என்றால் மறைக்காமல் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அதில் தீர்ப்பு எதுவும் இல்லை.

குற்றக்கதைக்கு இந்தப் பாகுபாடு மிகவும் வேண்டும். பச்சையாக இருப்பது ஒன்று, போலியாக இருப்பது வேறு. பச்சையான காட்சி மெய்யாகவே கதைக்குள் நிற்கலாம். மூடி மெழுகிய காட்சி முழுப் போலியாக இருக்கலாம். நாம் இரண்டையும் ‘ஆபாசம்’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறோம்.

காமத்தை இந்த வகைக் கதையிலிருந்து அடியோடு விரட்டப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் வெளியிட்ட இருபது விதிகளில் ஒன்று, காதலே கூடாது என்கிறது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுதான் வேலை, காதலர்களை மணமேடையில் ஏற்றுவது அல்ல என்பது அவர் வாதம். புதிர்க்கதைக்கு அது பொருந்தலாம். ஆனால் கொலைக்குக் காரணம் தேடினால் பணத்துக்கு அடுத்தபடி எங்கே போவது? தொல்காப்பியர் ஒருதலைக் காமமான கைக்கிளையை ஒரு கோடியிலும் பொருந்தாக் காமமான பெருந்திணையை மறுகோடியிலும் நிறுத்தி, ஒத்த காதலான ஐந்திணையை நடுவில் வைத்தார். குற்றக்கதை நடமாடுவது அந்த இரண்டு கோடிகளில்தான். பெருந்திணைக்கு அவர் சொல்லும் குறிப்புகளில் ஒன்று “தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்”. எந்தக் காவல் நிலையத்து வழக்கு நாட்குறிப்பிலும் எழுதி ஒட்டலாம்.

ஓர் உதாரணம் கட்டிப் பார்ப்போம். எழும்பூரில் ஒரு லாட்ஜ் அறை, மதிய நேரம். அவள் தோட்டைக் கழற்றுகிறாள். திருகாணி கட்டிலுக்கடியில் உருண்டுவிடுகிறது. அதற்குப் பிறகு எழுத்தாளர் இரண்டு பக்கம் பச்சையாகவே எழுதுகிறார். வாசகர் திருகாணியை மறந்துவிடுகிறார். பன்னிரண்டு அத்தியாயம் தள்ளி எண்ணூர்க் கழிமுகத்தில் பிணம் ஒதுங்குகிறது. இரண்டு காதிலும் தோடு இருக்கிறது, இடது காதின் திருகாணி மட்டும் வேறு ஜோடி. இங்கே அந்த இரண்டு பக்கமும் வேலை செய்திருக்கின்றன. தடயத்தைக் கண்முன் வைத்துவிட்டு நம் கண்ணை வேறு பக்கம் திருப்பியிருக்கின்றன. இது ஏதுப்போலிதான்; ஆனால் துப்பறியும் கதையில் ஏதுப்போலி சட்டப்படி செல்லும் சரக்கு. திருகாணியை எடுத்துவிடுங்கள். அப்போது மிஞ்சுவது பழைய புத்தகக் கடையில் எந்த மாத நாவலைப் புரட்டினாலும் கிடைக்கும் அதே இரண்டு பக்கம். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

போலியின் உச்சம் உள்ளே இல்லை, அட்டையில். பஸ் நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களின் அட்டையில் ஒரு பெண் சாய்ந்திருப்பாள். உள்ளே கதை வங்கிக் கொள்ளையாக இருக்கும். கடைசி வரிவரை அந்தப் பெண் வரவே மாட்டாள். இலக்கணச் சுத்தமாக, வடமொழி மூலம் வழுவாமல், அதுதான் ஆபாசம்.

‘மஞ்சள்’ பற்றியும் ஒரு வார்த்தை. மஞ்சள் பத்திரிகை என்றதும் சென்னையில் பழைய ஆட்களுக்கு நினைவு வருபவர் இந்துநேசன் ஆசிரியர் லட்சுமிகாந்தன். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சில் ஏற்றியவர். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, பிறகு 1947இல் விடுதலையானார்கள். கிசுகிசு எழுதியவரே நகரத்தின் மிகப் பெரிய கொலைக்கதை ஆனார்.

சட்டத்தமிழிலும் ஆபாசம் என்ற சொல்தான் குந்தியிருக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதாவின் 294ஆம் பிரிவு. வாசகர் மனம் கெடுமா என்பதே 1868ஆம் ஆண்டு இங்கிலாந்துத் தீர்ப்பு வகுத்த அளவுகோல். அதை உச்ச நீதிமன்றம் 1964இல் ஏற்று, 2014இல் விலக்கிவிட்டு, முழுப் படைப்பையும் இன்றைய சமூகத்தின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்றது. 2016இல் பெருமாள்முருகன் நாவல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள். நீதிமன்றத்தின் கேள்வி எழுத்தைத் தடுக்கலாமா என்பது. கதை தேறுமா என்பது அதன் கவலை அல்ல.

அது என் கவலை. எந்த வாதத்தாலும் என்னால் காப்பாற்ற முடியாத ஒரு வகைப் பத்தி தமிழ்க் குற்றக்கதையில் உண்டு. சவக்கிடங்கு மேஜையில் கிடக்கும் பெண்ணின் உடலைக் காதலன் கண்ணால் வருணிப்பது. “இறந்தும் அழகாக இருந்தாள்” என்று தொடங்கி இடுப்பு வரை இறங்கும். மருத்துவருக்கு அந்த விவரம் வேண்டாம், இன்ஸ்பெக்டருக்கும் வேண்டாம். அங்கே ஒரு கெட்ட வார்த்தைகூட இருக்காது, இடக்கர் என்று யாரும் கத்தரிக்க முடியாது. அதே வரிகளைக் கொலைகாரனின் வாக்குமூலத்தில் வைத்திருந்தால் அவை சாட்சியம். கதைசொல்லியே சொல்வதால், சந்தேகப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்க்கத் தோன்றுகிறது.