மூலைவிட்டம் எழுதாத பத்திரம்

வேளச்சேரியோ மாதவரமோ, பழைய மனைப் பத்திரம் ஒன்றைப் பிரித்தால் சொத்து விவரம் பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்: கிழமேல் (கிழக்கு மேற்காக) வடபுறம் 40 அடி, கிழமேல் தென்புறம் 38 அடி, தென்வடல் (தெற்கு வடக்காக) கீழ்புறம் (கிழக்கே) 60 அடி, தென்வடல் மேல்புறம் (மேற்கே) 62 அடி, ஆக 2379 சதுர அடி. இந்த 2379 எப்படி வந்தது? 40-க்கும் 38-க்கும் சராசரி 39. 60-க்கும் 62-க்கும் சராசரி 61. இரண்டையும் பெருக்கினால் 2379. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். சிக்கல் என்னவென்றால், இந்த நான்கு அளவுகளைக் கொண்ட மனையின் பரப்பு 2379 ஆக இருக்கவே முடியாது. அதற்குக் குறைவாகத்தான் இருக்கும்.

இரும்பு கேட் செய்பவர் நான்கு பட்டைகளைச் சட்டமாகப் பற்றவைத்ததும் குறுக்கே ஒரு பட்டை வைப்பார். அது இல்லாவிட்டால் நாளடைவில் கேட் சாய்ந்துவிடும். பட்டைகளின் நீளம் ஒரு நூல்கூட மாறியிருக்காது. உள்ளே அடங்கும் இடம் மட்டும் குறைந்திருக்கும். மனையும் அப்படியே. நான்கு பக்க நீளம் ஒரு நாற்கரத்தைக் கட்டிப்போடாது. ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் தெரிந்தால்தான் வடிவம் நிலைக்கும். முக்கோணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று பக்கமும் தெரிந்துவிட்டால் அது சாய வழியே கிடையாது. நில அளவை என்ற கலை முழுவதும் இந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது.

மேலே சொன்ன மனையில் வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடிக்கிறோம், 66 அடி வருகிறது என்று வையுங்கள். இப்போது கையில் இரண்டு முக்கோணங்கள்: 40, 60, 66 ஒன்று, 38, 62, 66 மற்றொன்று. பள்ளியில் படித்த ஹெரான் சூத்திரம் இங்கே வேலை செய்யும். மூன்று பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கினால், இரண்டு முக்கோணத்துக்குமே 83 வருகிறது. அந்த 83-இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து, கிடைத்த மூன்று எண்களையும் 83-ஐயும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். முதல் முக்கோணம் 83 × 43 × 23 × 17, அதன் வர்க்கமூலம் 1181.3. இரண்டாவது 83 × 45 × 21 × 17, அதற்கு 1154.7. மொத்தம் 2336 சதுர அடி. பத்திரத்தில் இருப்பதைவிட 43 சதுர அடி குறைவு. கிட்டத்தட்ட 0.1 சென்ட் நிலம் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. மூலைவிட்டம் மிகச் சாதகமாக அமைந்தாலும் இந்தப் பக்கங்களுக்குள் 2378 சதுர அடிக்கு மேல் அடங்காது. சராசரி முறை சரியான விடை தருவது செவ்வகத்துக்கு மட்டும்தான்; மற்ற எல்லா வடிவத்துக்கும் அது கூட்டியே சொல்லும்.

தரையில் வைத்தால் பரப்பைக் காட்டும் கருவி எதுவும் கிடையாது என்பதை இந்த இடத்தில் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அளப்பது நீளத்தை, சில நேரம் கோணத்தை. பரப்பு எப்போதும் கணக்குப் போட்டு வருவதுதான்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று வருகின்றன. ஒரு சாணை 9 அங்குலமாக எடுத்தால் 16 சாண் கோல் 12 அடி. அந்தக் கோலால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் அளந்த சதுரமே ஒரு குழி: 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. கணக்குப் போட்டால் ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட். டெல்டாவில் இன்றும் ‘மூணு மா ஒரு ஏக்கர்’ என்று சொல்வது இதனால்தான். வேலி 6.6 ஏக்கர். ஆனால் அதே குழியை 12 சாண் கோலால் அளந்தால் 9 × 9, வெறும் 81 சதுர அடி. கோல் கால்பங்கு குட்டையானால் நிலம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஆகவே குழி என்று மட்டும் சொன்னால் போதாது, எந்தக் கோல் என்றும் சொல்ல வேண்டும். அதனால்தான் சில கோயில் சுவர்களில் கோலின் நீளத்தையே கோடாகக் கீறி வைத்தார்கள். சந்தேகம் வந்தால் அங்கே போய் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ராஜராஜன் காலத்து நில அளவைக் கணக்கில் ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கிறார்கள். 144 சதுர அடிக் குழியை வைத்துப் பார்த்தால் அது சுமார் அரை சதுர மில்லிமீட்டர். ஒரு எள்ளை வைத்தாலும் வெளியே பிதுங்கும். யாரும் அந்த அளவுக்கு நிலத்தை அளக்கவில்லை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதை மறுபடி 320 ஆக்குவது, அதையும் 320 ஆக்குவது என்று கீழ்வாய்க் கணக்கு (பழந்தமிழ்ப் பின்னக் கணக்கு) இறங்கிக்கொண்டே போகும். 320-ஐ நான்கு முறை பெருக்கி, பிறகு 5-ஆல் பெருக்கினால் அந்த எண் அப்படியே வருகிறது. அந்த நுணுக்கம் கணக்கரின் ஏட்டில் பிறந்தது; கோல் பிடித்தவர் கையில் பிறந்ததல்ல. இன்று கணினி 222.9673 சதுர மீட்டர் என்று நான்கு தசம இடம் அச்சிடும்போதும் இதே வேறுபாட்டை நினைக்க வேண்டும்.

சென்னைக்கு வருவோம். இங்கே மனை என்றாலும் கிரவுண்டு என்றாலும் 2400 சதுர அடி. 24 கிரவுண்டு ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. அதை 144-ஆல் வகுத்தால் மிகச்சரியாக 400 குழி. அண்ணா நகரில் அடுக்குமாடிக்கு விலை பேசும்போது சொல்லும் கிரவுண்டு, இப்படிப் பழைய 12 அடிக் கோலோடு ஒத்துப்போகிறது. ஏக்கரும் சென்டும் வேறு வழியில் வந்தவை. 1620 வாக்கில் எட்மண்ட் குன்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடிச் சங்கிலியை 100 லிங்க்குகளாகப் பிரித்தார். ஒரு சங்கிலிக்கு ஒரு சங்கிலிச் சதுரம் 4356 சதுர அடி. அப்படிப் பத்து சதுரம் ஒரு ஏக்கர். ஏக்கரில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது: 1000 சதுர லிங்க் என்பது மிகச்சரியாக 1 சென்ட். பழைய புலப்படத்தில் (நிலத்தின் எல்லையும் அளவும் குறித்த அரசு வரைபடத்தில்) அளவுகள் லிங்க்கில் இருந்தால், பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் போதும், சென்ட் வந்துவிடும். லிங்க்கை அடியாக்க 0.66-ஆல் பெருக்க வேண்டும். பழைய படத்தில் 152 என்று இருப்பதை மீட்டர் என்று வாசித்து எல்லைத் தகராறு வரை போனவர்கள் உண்டு; 152 லிங்க் வெறும் 30.6 மீட்டர். எனவே புலப்படம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அளவு எந்த அலகில் என்பதை.

‘ஒரு கிரவுண்டு ஐந்தரை சென்ட்’ என்ற வாய்ப்பாடு ஏறக்குறைய சரி. ஐந்தரை சென்ட் 2395.8 சதுர அடி, 4.2 சதுர அடிதான் குறைகிறது. பட்டாவில் வரும் ‘ஹெக்டேர் – ஏர்’ கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்த ஏர் உழும் ஏர் அல்ல. 1795-இல் பிரான்ஸில் வகுத்த, 100 சதுர மீட்டர் கொண்ட அலகு. 0 – 2.23 என்றால் 223 சதுர மீட்டர், அதாவது ஒரு கிரவுண்டு. ஏரின் இரண்டாவது தசம இடம் ஒரு சதுர மீட்டரைக் குறிக்கும். ஆகவே சில சதுர அடி ஏற்ற இறக்கம் முழுமையாக்கும்போதே வந்துவிடும். அதை ஆக்கிரமிப்பு என்று எண்ணிச் சண்டை போட வேண்டியதில்லை.

ஒரு நீளத்தைச் சரியாக அளப்பது எவ்வளவு கடினம் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்ற பிரிட்டிஷ் நில அளவையாளர் பரங்கிமலை அருகே சங்கிலி போடத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏழரை மைல் தூரம், ஒரே ஒரு கோடு. முடிக்க 57 நாள் ஆயிற்று. 100 அடி எஃகுச் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, தொட்டிகளை முக்காலிகளின் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, கூடவே வெப்பமானிகளும் வைத்தார்கள். காரணம் வெயில். எஃகு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 12 கிலோமீட்டர் கோட்டில் ஒவ்வொரு டிகிரிக்கும் 14 சென்டிமீட்டர் பிசகும். இந்த ஒரு கோட்டைத் தவிர மற்றதெல்லாம் கோணங்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்த முக்கோணத்தில் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. பின்னாளில் இமயம் வரை போன முக்கோணச் சங்கிலியின் முதல் பக்கம் பரங்கிமலை அடிவாரத்தில் கிடக்கிறது.

கிராமப் புலப்படமும் சிறிய அளவில் இதே வேலைதான். வயலின் கோணல்மாணலான எல்லைக்குள் நீண்ட நேர்க்கோடுகளால் பெரிய முக்கோணங்கள் அமைப்பார்கள். அந்தக் கோடுகளிலிருந்து எல்லை வளைவுகளுக்குச் செங்குத்தாகக் கிளை அளவு எடுப்பார்கள். ஓர் ஏரிக்கரைப் பக்கம் 40 மீட்டர் நீளக் கோடு. 10 மீட்டருக்கு ஒருமுறை கிளை அளவு 0, 2.4, 3.1, 2.7, 0 என்று வந்தால், நடு மூன்றையும் கூட்டி 10-ஆல் பெருக்க 82 சதுர மீட்டர். வளைவு சீராக இருந்தால், வளைவையும் கணக்கில் எடுக்கும் சிம்ப்சன் விதிப்படி 88.7 வரும். வளைவைப் பொருட்படுத்தாமல் நேராக அடைத்தால் 2 சென்டுக்குமேல் கணக்கிலிருந்து போய்விடும். ஏரிகளுக்கு நடுவே வளர்ந்த மடிப்பாக்கம், பள்ளிக்கரணை பக்கங்களில் இது சின்ன விஷயமே இல்லை.

நீளத்தில் வரும் பிழை பரப்பில் இரட்டிப்பாகும். வேளாண்மையில் இது நேராகப் பணத்தைத் தொடும். நெல்லுக்குப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்யும்போது 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் குறித்து அறுக்கிறார்கள். 25 சதுர மீட்டர் என்பது ஹெக்டேரில் 400-இல் ஒரு பங்கு; அறுத்த எடையை 400-ஆல் பெருக்கி விளைச்சல் சொல்கிறார்கள். கயிறு தொய்ந்து பக்கம் 5.1 மீட்டர் ஆகிவிட்டால் சதுரம் 26 ஆகும். விளைச்சல் 4 சதவீதம் கூடுதலாகப் பதிவாகும். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவாகிறது.

நகரத்து மனையில் வெயிலால் வரும் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம். 30 மீட்டர் எஃகு டேப் 25 டிகிரி கூடுதலாகச் சூடேறினாலும் 9 மில்லிமீட்டர்தான். உண்மையான தவறுகள் வேறு. துணி டேப் இழுபடுவது ஒன்று. புதர், குப்பைமேட்டின் மேல் டேப்பைச் சாய்வாகப் போடுவது இன்னொன்று. நிலப்பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு, சரிவின் பரப்பு அல்ல. எல்லாவற்றிலும் பெரியது சுற்றுச்சுவர். 40 × 60 மனையில் 9 அங்குலச் சுவரை நான்கு பக்கமும் தன் நிலத்துக்குள்ளேயே கட்டியிருந்தால், உள்ளே நின்று அளக்கும்போது 38.5 × 58.5 தான் கிடைக்கும். 2252 சதுர அடி. 148 சதுர அடி ‘காணவில்லை’ என்று பக்கத்து வீட்டுக்காரரோடு மனக்கசப்பு வருமுன் சுவரின் கனத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

செவ்வக மனைதானா என்று சோதிக்க இரண்டு மூலைவிட்டங்களையும் பிடிக்க வேண்டும். 40 × 60-க்கு இரண்டுமே 72 அடி 1⅓ அங்குலம் வர வேண்டும். மூலை ஒரு டிகிரி விலகினால் இரண்டுக்கும் ஓர் அடிக்குமேல் வித்தியாசம் காட்டும், ஆனால் பரப்பு அரை சதுர அடிகூடக் குறையாது. 10 டிகிரி சாய்ந்தால் மூலைவிட்டங்கள் 66, 77¾ அடி என்று விரிந்துவிடும், பரப்பில் 36 சதுர அடி போகும்.

கைபேசியில் மனையைச் சுற்றி நடந்து பரப்பு பார்க்கும் செயலிகளை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். திறந்த வெளியிலேயே கைபேசியின் இடக்குறிப்பு சில மீட்டர் விலகும். தி.நகர் சந்துகளில் சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்பி இன்னும் மோசமாகும். ஒரு கிரவுண்டின் சுற்றளவு 61 மீட்டர். எல்லை முழுதும் ஒரு மீட்டர் வெளியே தள்ளிப்போனால் 60 சதுர மீட்டருக்குமேல், மனையில் கால்பங்குக்குமேல் தவறு. பத்து ஏக்கர் தோப்புக்குத் தோராயமாகப் பார்க்க உதவும், அவ்வளவுதான். டோட்டல் ஸ்டேஷனோ (தூரமும் கோணமும் அளக்கும் மின்னணுக் கருவி) டிஜிபிஎஸ்ஸோ (பிழை திருத்திய செயற்கைக்கோள் இடங்காட்டி) தரும் ஆயத்தொலைவுகளை வைத்து அடுத்தடுத்த மூலைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்து, கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு வரும். மூலைகளை வரிசையாகச் சுற்றி எழுத வேண்டும். இரண்டு மூலை இடம் மாறினால் வடிவம் நடுவே முறுக்கிக்கொண்டு, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் பரப்பு குறைவாக வரும்.

அளவுக் கல் காணாமல் போயிருந்தால் அதையும் முக்கோணம்தான் மீட்டுத் தரும். புலப்படத்தில் அந்த மூலைக்குத் தூரம் குறித்துள்ள, இன்னும் அசையாமல் இருக்கும் இரண்டு கற்களைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலிருந்தும் டேப்பால் வில் வரைந்தால் இரண்டும் வெட்டும் இடம் கல் இருந்த இடம். வில்கள் செங்கோணத்துக்குப் பக்கமாக வெட்டினால் புள்ளி தெளிவாக விழும். சாய்வாக உரசிப்போனால் ஓர் அடி வரைகூட நழுவும். மூன்றாவது கல் ஒன்றிலிருந்தும் தூரம் பார்த்து, படத்தோடு ஒத்துப்போனால் மட்டும் கல்லை நட வேண்டும்.