கொப்புள நோயும் கடற்பாசிச் சர்க்கரையும்

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை விவசாயிகளுக்கு மழைக்காலம் வந்தாலே கொப்புள நோயின் கவலைதான். எக்சோபசிடியம் வெக்சான்ஸ் என்னும் பூஞ்சை, பறிக்க வேண்டிய இளங்கொழுந்தையே தேடித் தாக்குகிறது. தாமிர மருந்து தெளித்துப் பழகிய மலைக்குக் கடற்பாசித் திரவமும் இப்போது வந்து சேர்ந்திருக்கிறது. சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் நிற்கும் செடிக்குக் கடலில் விளைந்த பாசியால் என்ன பயன்?

பழுப்புக் கடற்பாசிகள் லாமினாரின் என்ற சர்க்கரைத் தொடரைச் சேமிப்பு உணவாக வைத்திருக்கின்றன. அதில் குளுக்கோஸ்கள் பெரும்பாலும் பீட்டா-1,3 என்ற பிணைப்பால் கோக்கப்பட்டுள்ளன. பூஞ்சைகளின் செல்சுவரிலும் இதே பிணைப்பு உண்டு. ஆகவே லாமினாரின் பட்ட இலை, பூஞ்சை வந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு, பூஞ்சைச் சுவரைக் கரைக்கும் நொதிகளையும் நுண்ணுயிர்க்கொல்லிச் சேர்மங்களையும் முன்கூட்டியே தயாரிக்கத் தொடங்குகிறது. புகையிலை, திராட்சை ஆகியவற்றில் நடந்த ஆய்வுகள் இதைக் காட்டியுள்ளன. ஆனால் மண்டபம் பகுதியில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்பது ஒரு சிவப்புப் பாசி. அதில் இருப்பது கராஜீனன் என்ற வேறொரு சர்க்கரை. எனவே வாங்குமுன் கேனில் இருப்பது எந்தப் பாசி என்று கேட்பது நல்லது.

மனித உடலும் இந்தப் பிணைப்பை அறியும். கிருமிகளை விழுங்கி அழிக்கும் நம் விழுங்கணுக்களின் மேற்பரப்பிலுள்ள டெக்டின்-1 என்ற புரதம், இப்பிணைப்புள்ள பீட்டா குளுக்கான் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி என்பது 2001-இல் தெரியவந்தது. விந்தை இனிமேல்தான். ஈஸ்ட்டின் செல்சுவர்த் துகள் போன்ற பெரிய துண்டு பட்டால், ஏற்பிகள் ஓரிடத்தில் நெருங்கிக் கூடி விழுங்கணுவை முடுக்கிவிடுகின்றன. நீரில் கரைந்த சிறு லாமினாரினோ பல வேளைகளில் ஏற்பியில் போய் அமர்ந்துகொள்கிறதே தவிர, அதை முடுக்குவதில்லை. பூட்டுக்குள் நுழைந்தும் திறக்காத சாவி போன்றது அது. ஆய்வுக்கூடங்களில் டெக்டின்-1-ஐ அடைத்துவைக்கவே லாமினாரினைப் பயன்படுத்துவதுண்டு. ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று கடற்பாசி மாத்திரைப் புட்டியில் அச்சிடுவோர் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

உண்ட பாசியின் நார்ச்சர்க்கரைகளில் பெரும்பகுதியை நம் நொதிகளால் செரிக்க முடியாது; அவை பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கே உணவாகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் வெளிவிடும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் குடலின் நோயெதிர்ப்புச் செல்களை அமைதிப்படுத்த உதவுகின்றன. அதாவது, இங்கே நடப்பது ‘கூட்டுதல்’ என்பதற்கு ஏறக்குறைய எதிரானது. கெல்ப் வகைப் பழுப்புப் பாசிகளில் அயோடின் மிகுதி. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமே தேவை என்பதால், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை உண்ணக் கூடாது.