டெண்டினைட்டிஸ்: தசைநாண் அழற்சியா, தசைநாண் நலிவா?

சென்னையில் முட்டி வலி என்று யாரிடம் சொன்னாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும்: "தேய்மானம்", "ஜவ்வு போயிருக்கும்", "நரம்பு இழுத்திருக்கும்". பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் வாலிபால் ஆடும் இருபது வயதுப் பையனுக்கும் இதே பதில்தான், பெசன்ட் நகரில் காலையில் ஓடுகிறவருக்கும் இதே பதில்தான். எலும்பு டாக்டரிடம் போனால் சீட்டில் நான்காவதாக ஒரு சொல் இருக்கும்: பட்டெல்லர் டெண்டினைட்டிஸ்.

தசையை எலும்போடு சேர்த்துப் பிடிக்கும் வெண்ணிறமான, உறுதியான திசுதான் டெண்டன். லத்தீனில் 'டெண்டெரே' என்றால் இழுத்து நீட்டுவது. தமிழில் தசைநாண். நாண் என்பது வில்லில் இழுத்துக் கட்டிய கயிறு. அதன் பழைய வடிவமான ஞாண், அரைஞாண் கயிற்றில் இன்றும் நம் இடுப்பில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் வட்டத்தின் நாண் என்று படிப்பதும் இதே சொல்தான்.

செய்தித்தாள்கள் டெண்டனையும் லிகமெண்டையும் 'தசைநார்' என்றே எழுதிவிடுகின்றன. இரண்டும் வேறு. லிகமெண்ட் எலும்பை எலும்போடு கட்டுவது; அதை இணைப்புநார் என்றால் குழப்பமே வராது. தெருவில் சொல்லும் 'ஜவ்வு' இணைப்புநாரையும் குறிக்கும், மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு வட்டையும் குறிக்கும். அதனால் "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால், எந்த ஜவ்வு என்று கேட்டே ஆக வேண்டும்.

'நரம்பு' என்பவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. யாழில் கட்டிய தந்திக்கு நரம்பு என்றுதான் பெயர். கிரேக்கத்திலும் 'நியூரான்' முதலில் தசைநாணையும் வில்நாணையும்தான் குறித்தது. ஆனால் இன்றைய மருத்துவத்தில் நரம்பு வேறு. மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, பட்டெல்லர்? பட்டெல்லா என்றால் லத்தீனில் சிறு தட்டு. நமக்கு முட்டிச் சில்லு. காலை நீட்டி உட்கார்ந்து, சில்லின் கீழ்விளிம்பிலிருந்து விரலைக் கீழே நகர்த்துங்கள். முன்கால் எலும்பின் மேட்டில் போய் முடியும் பட்டையான நாண்தான் பட்டெல்லர் டெண்டன். சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலி இருப்பது இந்த நோயின் முக்கியமான அடையாளம். குதித்துத் தரையில் இறங்கும்போதும், குந்தி எழும்போதும், ரயில் நிலையப் படிகளில் இறங்கும்போதும் வலிக்கும். குதிக்கும் விளையாட்டுக்காரர்களுக்கு அதிகம் வருவதால், பிளாசினா என்ற எலும்பு மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1973இல் இதை 'ஜம்பர்ஸ் நீ', அதாவது குதிப்பவர் முட்டி, என்று எழுதினார்கள்.

இப்போது கடைசிப் பகுதி. 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சூடு, சிவப்பு, வீக்கம் எல்லாம் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் நாள்பட வலிக்கும் தசைநாணை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது அழற்சி செல்கள் பெரும்பாலும் குறைவாகவே இருந்தன. தெரிந்தது, பிரி கலைந்த கயிறு போல ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகள்; நாணுக்கு உறுதி தரும் புரதம்தான் கொலாஜன். அதனால்தான் 1998இல் எலும்பு மருத்துவர் நிக்கோலா மாஃபுல்லியும் உடன் எழுதியவர்களும் 'டெண்டினோபதி' என்ற சொல்லைப் பரிந்துரைத்தார்கள். 'பேதோஸ்' என்றால் துன்பம், நோய். தமிழில் 'தசைநாண் நலிவு' என்பேன். நலிவில் நோயும் உண்டு, வலுக்குறைவும் உண்டு.

பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். அழற்சி என்று கேட்டவர் ஐஸ் வைப்பார், வலி மாத்திரை போடுவார், ஒரு மாதம் அசையாமல் படுப்பார். வலி குறையும். மறுபடி ஆடப் போனால் திரும்ப வரும். ஏனென்றால் படுத்திருந்த காலத்தில் நாண் இன்னும் வலு இழந்திருக்கும். நலிந்ததற்குத் தேவை அளவான பாரம். குதிப்பதையும் ஓடுவதையும் குறைத்துக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்வது போல இறங்கி 45 விநாடி நிற்கலாம். நடுவே ஓரிரு நிமிடம் விட்டு ஐந்து முறை. அப்புறம் மெதுவாக, கனமான எடையோடு தொடைத் தசைப் பயிற்சி. குதிப்பது எல்லாவற்றுக்கும் பிறகுதான். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று வரை வலி இருந்தால் பரவாயில்லை, மறுநாளைக்குள் அது அடங்கிவிட வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். நாணில் ரத்த ஓட்டம் குறைவு, தேறுவதும் மெதுவாகத்தான். அளவைச் சொல்லிக்கொடுக்க இயன்முறை மருத்துவரிடம் போவது நல்லது.

ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்குச் சுகம் தரும், ஆனால் நாணைப் பலவீனப்படுத்தும் அபாயம் உண்டு. சிப்ரோஃப்ளாக்சாசின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் தசைநாணைப் பாதிக்கலாம். 2008இல் அமெரிக்க மருந்துத் துறை இதற்குக் கடும் எச்சரிக்கை விதித்தது. அவை சாப்பிடும்போது புதிதாக நாண் வலி வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, நாண் போய் முடியும் அந்த முன்கால் எலும்பு மேட்டில் வலித்தால் அது வளரும் எலும்பின் பிரச்சினையாக இருக்கலாம், வைத்தியம் வேறு. 'டப்' என்று சத்தம் கேட்டு, காலை நீட்டவே முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முட்டி வீங்கிச் சிவந்தாலும் அப்படித்தான்.