ஒரு தாளின் கனத்தில் ஓடும் காற்று

சுவரை ஒட்டி உயரமாக ஒரு கூடு. வெயில் படும் பக்கம் கண்ணாடி, அதற்குப் பின்னால் கருப்பு அடித்த தகடு, மேலே ஒரு திறப்பு, கீழே அறைக்குள் ஒரு திறப்பு. சூரியப் புகைபோக்கி என்பது இவ்வளவுதான். தகடு சூடாகிறது, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே ஏறி வெளியே போகிறது. அந்த இடத்துக்கு அறைக் காற்று நகர, எதிர்ப்பக்க ஜன்னல் வழியே புதுக் காற்று உள்ளே வருகிறது. மின்சாரமே வேண்டாம்.

சரி, இந்த இழுவைக்கு எவ்வளவு பலம்? 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1,165 கிராம். 40 டிகிரியில் 1,127 கிராம். 38 கிராம்தான் வித்தியாசம். புகைபோக்கியின் உயரம் 3 மீட்டர் என்றால், கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறக்குறைய 1 பாஸ்கல். மேசைமேல் விரித்த ஒரு வெள்ளைத் தாள் மேசையை அழுத்துவதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், இது பலன் தருமா தராதா என்பது இந்த எண்ணிலேயே இருக்கிறது. ஒரு தாளின் கனத்தைத் தின்றுவிட நெருக்கமான கொசுவலையும் பாதி சாத்திய கதவும் போதும். உயரத்தை இரட்டிப்பாக்கினாலும் காற்றோட்டம் சுமார் 1.4 மடங்குதான் கூடும். ஆகவே காற்று வரும் வழியைத் தாராளமாக விடுவதுதான் முதல் வேலை. அதற்காகக் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளியை ரொம்ப அகலமாக்கினாலும் சிக்கல்: வெளிக்காற்று மேலிருந்தே உள்ளே இறங்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இது காற்றை மாற்றும், குளிர்விக்காது. உச்சிவெயிலில் வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருந்தால், அந்தச் சூட்டைத்தான் உள்ளே இழுத்து வரும். இழுவை அதிகமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். நிழல் பக்கத்து ஜன்னல் ஓரளவு உதவும். அதைவிட நல்ல வழி, தகட்டுக்குப் பதில் கனமான கருப்புச் சுவர். பகலில் திறப்புகளை மூடி வைத்தால் சுவர் சூட்டைச் சேர்த்துக்கொள்ளும். வெளியே குளிர்ந்த அப்புறம் திறந்தால், இருட்டிய பிறகும் சில மணி நேரம் இழுக்கும். சுவருக்கும் அறைக்கும் நடுவே வெப்பத்தடுப்பு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூடு படுக்கையறைக்குத்தான் வரும்.

கட்டி முடித்ததும், கீழ்த் திறப்பின் முன்னால் ஒரு மெல்லிய தாள் கீற்றைத் தொங்கவிட்டுப் பாருங்கள். அது புகைபோக்கிக்குள் சாய வேண்டும். அறைப் பக்கம் சாய்ந்தால் காற்று தலைகீழாக ஓடுகிறது; முதலில் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து பாருங்கள்.