ஸ்டிக்கரை உரிக்கும் முன் விமானத்தின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரேடியோ கண்ட்ரோல் விமானங்களைப் பழுது பார்ப்பது என் தொழில். விழுந்து நொறுங்கி வருபவற்றைப் பார்த்து நான் பெரிதாக வருந்துவதில்லை. பறந்தால் விழத்தான் செய்யும். பறக்காமல், மேஜை மேல் வைத்தே பாழாக்கப்பட்டு வருபவைதான் மனசைக் கஷ்டப்படுத்துகின்றன. பெரும்பாலும் ஒரே கதைதான். பழைய ஸ்டிக்கரை உரித்திருப்பார்கள், பசை நின்றிருக்கும், வீட்டில் இருந்த தின்னரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்திருப்பார்கள்.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் கொண்டுவந்த பயிற்சி விமானத்தின் இறக்கையில், ஸ்டிக்கர் இருந்த இடம் முழுக்கப் பள்ளம். பள்ளத்தின் ஓரத்தில் ஃபோம் உருகி, திரும்ப இறுகி, கையைக் கீறும் அளவுக்கு மொடமொடவென்று இருந்தது. உள்ளே போகும் கார்பன் குழாய் வெளியே தெரிந்தது. அவர் பயன்படுத்தியது நெயில் பாலிஷ் ரிமூவர். "அசிட்டோன் இல்லாததுதான் சார், பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். அசிட்டோன் இல்லாதவற்றில் பெரும்பாலும் எத்தில் அசிடேட் இருக்கும். அதுவும் பாலிஸ்டைரீனைக் கரைக்கும்.

நம் ஊரில் தெர்மாகோல் என்கிறோமே, அந்த வெள்ளை ஃபோம் பாலிஸ்டைரீன்தான். துண்டுகளை ஒட்டிச் சேர்க்கிற பிளாஸ்டிக் கிட் விமானங்களும் அதே பாலிஸ்டைரீன். அங்கே காற்றுக் குமிழ் இல்லை, அவ்வளவுதான். தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் இவற்றின் பக்கமே வரக்கூடாது. 'இயற்கையானது' என்று விற்கும் ஆரஞ்சு எண்ணெய் ரிமூவரும் அப்படித்தான். ஆரஞ்சுத் தோலை மடக்கி ஒரு தெர்மாகோல் துண்டின் மேல் பிழிந்து பாருங்கள், சாறு தெறித்த இடமெல்லாம் கரைந்து குழி விழும். தோலில் உள்ள லிமோனீன் செய்கிற வேலை அது.

இப்போது வரும் விமானங்களில் அதிகம் இருப்பது ஈபிஓ ஃபோம். இது கொஞ்சம் தாங்கும், ஆனால் இதிலும் பெரும்பகுதி பாலிஸ்டைரீன்தான் என்பதை மறக்க வேண்டாம். வளைத்தால் உடையாமல் திரும்பி வரும் ஈபிபி என்ற ஃபோம் இன்னும் உறுதியானது. எது என்று தெரியவில்லையா? பேட்டரி மூடிக்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், காது குடையும் பஞ்சுக்குச்சியால் நீங்கள் பயன்படுத்தப்போகும் திரவத்தில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிடம் பொறுங்கள். பிசுபிசுத்தாலோ நிறம் பஞ்சில் ஒட்டினாலோ அந்தப் பாட்டிலை மூடி வைத்துவிடுங்கள்.

முதலில் வேண்டியது சூடு, திரவம் அப்புறம்தான். ஹேர் டிரையர் போதும். ஹாட் ஏர் கன் வேண்டவே வேண்டாம். ஃபோம் மணிகள் ஊதிப் பெருத்து மேடாகிவிடும். கருப்பு ஸ்டிக்கர் வெயிலில் கிடந்தாலே சுற்றியுள்ள வெள்ளையைவிட வேகமாகச் சூடேறும், அதனால் அங்கே இன்னும் நிதானம் தேவை. கை பொறுக்கும் சூட்டில் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடக்கிப் படுக்கவைத்து மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் ஃபோமின் தோல் கூடவே வரும். பழைய வினைல் துண்டு துண்டாக உடையும். அதற்குப் பொறுமையைத் தவிர வேறு மருந்து இல்லை. பிளேடு மட்டும் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும்.

மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டினாலே பாதி திரண்டு வந்துவிடும். மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்தால் இன்னும் கொஞ்சம் வரும். அதற்கும் மிஞ்சியதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். விமானத்தின் மேல் ஊற்றாமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். அக்ரிலிக் பெயின்ட் அடித்த விமானம் என்றால் அதுவே பெயின்ட்டையும் எடுத்துவிடும். விமானி அறையின் மேல் இருக்கும் கண்ணாடி மூடி அக்ரிலிக் பிளாஸ்டிக்காக இருந்தால் நுண்ணிய விரிசல் விழலாம். தேங்காய் எண்ணெயும் பசையை இளக்கும், தப்பில்லை. ஆனால் சோப்புத் தண்ணீரால் எண்ணெயைச் சுத்தமாக எடுக்காவிட்டால் புது ஸ்டிக்கர் ஒட்டாது. ஃபிலிமோ பெயின்ட்டோ மூடாத பால்சா என்ற லேசான மரத்தில் எண்ணெயே கூடாது, உறிஞ்சிக்கொள்ளும்.

பால்சாவின் மேல் இஸ்திரி போட்டு ஒட்டிய ஃபிலிம் என்றால் கவனம் வேறு இடத்தில் வேண்டும். இரண்டு ஃபிலிம் சேரும் இணைப்பில் மேல் ஃபிலிம் பக்கம் தொடங்கிக் கீழ் ஃபிலிம் பக்கமாக உரியுங்கள். மாற்றி இழுத்தால் இணைப்பு வாய் பிளந்துவிடும். அசிட்டோன் அந்த இணைப்புக்குள் இறங்கி ஃபிலிமின் பசையையே கரைத்துவிடும்.

விமானம் போனால் இன்னொன்று செய்யலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, இந்த வேலையை இரவில் ஏசி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறார்களே என்பதுதான். பெட்ரோல், தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறையின் விளக்கையோ அடுப்பையோ எட்டும். பெட்ரோலில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் கலந்திருக்கிறது. அதைத் துணியில் நனைத்து முகத்தருகே வைத்துத் தேய்க்கிற பொருளாக நினைக்காதீர்கள். ஆல்கஹாலும் எளிதில் தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து, விமானத்தின் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைக் கழற்றி வேறு இடத்தில் வைத்து, நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு உட்காருங்கள். நனைந்த துணி காயும் வரை ஹேர் டிரையரைத் தொடாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மீந்த தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பிளாஸ்டிக் கிட்டில் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீக்கால் வேறு ரகம். மேலே வார்னிஷ் இல்லையென்றால் ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு, டேப்பை அழுத்தி எடுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். அப்பா காலத்துக் கிட் என்றால் அந்த டீக்காலை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். மஞ்சள் படிந்திருந்தாலும் அவர் கையால் ஒட்டியது.

எல்லாம் முடிந்து வால் பக்கம் பெரிய புது ஸ்டிக்கர் ஒட்டினீர்கள் என்றால், பறக்கவிடும் முன் பேட்டரியைப் போட்டு, ஈர்ப்பு மையம் குறித்த இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் முன்னே தள்ளுங்கள்.