பேர்ச் எண்டா என்ன மரம்? தமிழில பூர்ச்சம்

கொழும்பு ஆமர் வீதிப் பக்கம் பலகை விசாரிச்சா "பேர்ச் பிளைவூட் இருக்கு அண்ணை, விலைதான் கொஞ்சம் கூட" எண்டுவினம், ஆனா அந்த மரம் கொழும்பில நிக்காது, குளிர் நாட்டு மரம், இஞ்சத்தை வெக்கைக்குத் தாங்காது. கனபேர் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்கைத்தான் சில்வர் பேர்ச் எண்ட பேர்ச் இனம் எண்டு நினைக்கினம். அது வேற, அவுஸ்திரேலியாவில இருந்து வந்த கிரெவில்லியா, ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

சில்வர் பேர்ச்சின்ர தாவரப் பேர் பெடுலா பெண்டுலா. பெண்டுலா எண்டா தொங்குறது, நுனிக் கொப்புகள் கீழ சரிஞ்சு தொங்கும், அதுதான் அந்தப் பேர். ஐரோப்பா முழுக்க இருக்கு, பின்லாந்துக்கு இதுதான் தேசிய மரம், அங்க பிளைவூட், தளபாடம், விறகு எல்லாத்துக்கும் இது போகும். பட்டை வெள்ளை வெளேர் எண்டு இருக்கும், குறுக்கால கறுப்புக் கோடு ஓடும், உரிச்சா பேப்பர் மாதிரிப் படை படையாக் கழண்டு வரும். அந்த வெள்ளை பெடுலின் எண்ட பொருளால வாறது.

இனிச் சொல்லுக்கு வருவம். பேர்ச் எண்ட இங்கிலீஷ் சொல்லும் சமஸ்கிருதத்தில இருக்கிற பூர்ஜ எண்ட சொல்லும் ஒரே வேரில இருந்து வந்தது, அந்த வேருக்குப் பொருள் 'வெள்ளை, பளிச்செண்டு இருக்கிறது' எண்டு மொழி ஆய்வாளர்கள் சொல்லுறாங்கள். பெடுலா எண்ட லத்தீன் பேர் வேற வழி, அதை இதோட சேர்க்கக் கூடாது. பூர்ஜ தமிழுக்கு வரேக்க பூர்ச்சம் ஆச்சு, மரத்தைப் பூர்ச்ச மரம் எண்டு எழுதுறம். கடன் சொல்தான், ஆனா இமயமலைப் பேர்ச்சுக்கு அந்தப் பக்கத்துச் சனம் வச்ச பேர், இதைவிடப் பொருத்தமா வேற எங்க தேடுறது? 'வெள்ளி மரம்' எண்டு புதுசா ஒண்டு உண்டாக்கிறதில எனக்கு விருப்பமில்ல, வாசிக்கிறவனுக்கு எந்த மரமெண்டே விளங்காது.

நாங்கள் பனை ஓலையில எழுதின மாதிரி காஷ்மீர்ப் பக்கம் பூர்ச்சப் பட்டையில எழுதினவை. 1881இல பெஷாவருக்குக் கிட்ட பக்ஷாலி எண்ட ஊரில நிலத்தைக் கிண்டேக்க வந்த கணக்குச் சுவடி அந்தப் பட்டைதான், அதில சுழியத்துக்குப் புள்ளி போட்டிருக்கு, இப்ப ஒக்ஸ்போர்டில இருக்கு. அந்த இமயமலை இனத்தின்ர பேர் பெடுலா யூட்டிலிஸ், பயனுள்ளது எண்டு அர்த்தம். பட்டை அழகுக்காக ஐரோப்பாவில தோட்டங்களிலயும் வளர்க்கினம்.

எழுதேக்க சில்வர் பேர்ச்சை வெள்ளிப் பூர்ச்சம் எண்டும் பலகையைப் பூர்ச்சப் பலகை எண்டும் போடலாம், கடையில மட்டும் பேர்ச் எண்டே கேளுங்கோ.